கோச்சுக்கு ஒரு முதலுதவி

முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர்கூட இல்லாத அணி இந்த வருடத்திலிருந்து மைதானத்தில் இறங்க முடியாது, ஆகவே பயிற்றுநர்கள் வகுப்புக்கு வரவும் என்று கரப்பந்தாட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்துச் சந்திரகுமார் சிரித்த சிரிப்பு, அம்பிட்டிய பஸ் தரிப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

“சுகிர்தா! இங்க வா, இந்தக் கூத்தப் பாரு. எனக்கு முதலுதவி படிச்சுக் குடுக்கப் போறாங்களாம். எனக்கு!”

மனைவி சுகிர்தா அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“கடுதாசி போட்டவங்க உங்க டீம் ஆடுறதப் பாத்திருக்காங்களா?”

“ஏன் கேக்குற?”

“பாத்திருந்தா கடைசி உதவியில்ல படிச்சுக் குடுத்திருப்பாங்க.”

சந்திரகுமார் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதில் மொத்தம் ஏழு விதிகள் இருந்தன. அவர் முதலாவதை மட்டும்தான் படித்திருந்தார். இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள கோச் ஏழையும் படிக்கத் தேவையில்லை என்பது அவருடைய சொந்த எட்டாவது விதி.

வாரத்தில் ஆறு நாள் சந்திரகுமார் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறவர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை விரிப்பார், மடிப்பார், மடித்ததை மறுபடி விரிப்பார். “இதே டிசைன்ல வேற கலர்”, “இதே கலர்ல வேற டிசைன்” என்று யார் யாரோ அவரை ஏணியில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள், கடைசியில் “நாளைக்கு வாறோம்” என்று போய்விடுவார்கள். முதலாளிக்கு அவர் “ஏய் சந்திரன்”. வாடிக்கையாளருக்கு “அண்ணே, அந்தா மேல இருக்கிறத எடுங்க”. வீட்டில் “என்னங்க, குப்பை வண்டி வந்திருச்சு”.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகாவலி ஆற்றங்கரை மைதானத்தில் அவர் கால் வைத்ததும், இளங்கதிர் கரப்பந்தாட்டக் கழகத்துப் பன்னிரண்டு பொடியன்களும் எழுந்து நின்று “குட்மோர்னிங் சேர்” என்பார்கள். அந்த எழுந்து நிற்றலுக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் ஏணியில் ஏறி இறங்கினார். அதுவும் போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. யோசிக்கப் பயம்.

அதே ஞாயிற்றுக்கிழமைகளில் சுகிர்தா வீடு கூட்டினாள், துணி துவைத்தாள், மட்டக்களப்புக் கெம்பஸில் படிக்கும் மகளுக்குப் பார்சல் கட்டினாள், கோச்சுக்கும் சில சமயம் கோச்சோடு வரும் பாதி அணிக்கும் சோறு போட்டாள். “எல்லாருக்கும் ஞாயிறு லீவு, எனக்கு மட்டும் ஓவர்டைம்,” என்று இருபத்தொரு வருடமாகச் சொல்லி வந்தாள். சந்திரகுமார் அதைப் பகிடி என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் சிரித்தார்.

அவருடைய மைதான வைத்தியம் மூன்றே வகை. கைகால் பிசகினால் தைலத்தைப் பூசி, இழுத்து, ‘டக்’கென்று ஒரு சொடுக்கு. மயங்கி விழுந்தால் சோடா. முதுகு பிடித்துக்கொண்டால் சுகிர்தாவின் இடது கால்.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சுகிர்தா பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிக் காலால் பிறந்தவர்கள் மிதித்துவிட்டால் எப்பேர்ப்பட்ட முதுகுப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது தோட்டத்துப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே ஞாயிறு மாலைகளில் இளங்கதிர் வீரர்கள் கேள்விக்குறி மாதிரி வளைந்துகொண்டு வருவார்கள், ஒரு பிஸ்கட் பக்கற்றை மேசையில் வைப்பார்கள், குப்புறப் படுப்பார்கள். சுகிர்தா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து மூன்று தரம் மிதிப்பாள். “சரி, எந்திரி.” எழுந்து நேராக நடந்து போவார்கள். உண்மையைச் சொன்னால், கழகத்தில் அந்தக் காலுக்கு இருந்த மரியாதை கோச்சின் தலைக்கு இல்லை.

சந்திரகுமாருக்கு ஒரு ரகசியமும் இருந்தது. ரத்தத்தைக் கண்டால் அவருக்கு உலகம் இருட்டும். மைதானத்தில் யாருக்காவது முழங்கால் தேய்ந்தால் போதும், “நான் தண்ணி கொண்டு வாறேன்!” என்று கத்திக்கொண்டு முதல் ஆளாக ஓடிவிடுவார். ரத்தம் நின்ற பிறகுதான் தண்ணீர் வந்து சேரும். எவ்வளவு அக்கறையான கோச் என்று எல்லாரும் மெச்சினார்கள். வீட்டில் மீன் வெட்டும் நாளில் அவர் வாசல் கேற்றடியிலேயே நின்றுகொள்வார். இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

வகுப்பு சனியும் ஞாயிறும் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. படிப்பித்தவர் கைரியா மிஸ், முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆள் ஐந்தடி கூட இல்லை, குரல் மட்டும் மண்டபத்துக்கு வெளியே நின்ற ஓட்டோக்காரர்களையும் நிமிர வைத்தது. பதினாறு கோச்மார் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரகுமாருக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டை அணியின் கோச் அஸ்ஃபர். பருவத்தின் முதல் ஆட்டமே அவர் அணியோடுதான்.

“ஒரு ப்ளேயர் முதுகப் புடிச்சிக்கிட்டு விழுந்து கிடக்கிறார். நீங்க என்ன செய்வீங்க?” என்று கைரியா மிஸ் சந்திரகுமாரைக் கேட்டார்.

“எங்க வீட்டம்மாவக் கூப்பிடுவேன் மிஸ்.”

“அவங்க நேர்ஸா?”

“இல்ல மிஸ். காலால பொறந்தவங்க.”

“வந்து?”

“மிதிப்பாங்க.”

கைரியா மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

“யா அல்லாஹ்! முதுகுல அடிபட்டவர அசைக்கவே கூடாதுன்டு காலையில இருந்து தொண்ட கிழியச் சொல்றேன். நீங்க ஏறி மிதிக்கிறீங்களா?”

“நான் இல்ல மிஸ். அவங்க.”

“சரி, மயக்கம் போட்டா?”

“சோடா.”

“மயங்கின ஆள் எப்படிக் குடிப்பார்?”

“மெதுவா மிஸ்.”

“வலிப்பு வந்தா?”

“கையில சாவிக்கொத்தக் குடுப்பேன்.”

“சாவிக்கொத்து இல்லாட்டி?”

“மத்த டீம்கிட்ட வாங்குவேன்.”

அஸ்ஃபர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வெளியே போய் வந்தார்.

இது முதல் நாள். இரண்டாம் நாள் கைரியா மிஸ் ஒரு ரப்பர் பொம்மையை மேசையில் கிடத்தி, ரத்தக் காயத்துக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று காட்ட அதன் கையில் ரோஸ் சர்பத்தை ஊற்றினார். சர்பத் என்று சந்திரகுமாருக்கு நன்றாகத் தெரியும். வாசனை கூட வந்தது. ஆனாலும் “மிஸ், நான் தண்ணி கொண்டு...” என்று எழுந்தவர், வசனத்தை முடிக்காமல் பொம்மையின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

கண் விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். எழப் பார்த்தார்.

“அசையாதீங்க, அசையாதீங்க!” என்றார் கைரியா மிஸ். “சரியான பேஷண்ட் இப்பத்தான் கிடைச்சிருக்கு. மயங்கினவரப் பக்கவாட்டுல கிடத்துறது எப்படின்டு ஒவ்வொருத்தரா வந்து செஞ்சு பாருங்க.”

பதினைந்து கோச்மாரும் வரிசையில் வந்து சந்திரகுமாரைப் புரட்டினார்கள். அஸ்ஃபர் இரண்டு தரம் வந்தார்.

போகும்போது ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். வரும் சனிக்கிழமை பரீட்சை, அதற்குள் வீட்டில் யாரையாவது நோயாளியாக வைத்துப் பழக வேண்டும். பரீட்சையிலும் சர்பத் உண்டு என்று கைரியா மிஸ் சந்திரகுமாரைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த சந்திரகுமார் பஸ்ஸில் வரும்போதே தயாரித்து வைத்திருந்த முகத்தோடு உள்ளே நுழைந்தார்.

“எப்படிங்க போச்சு?”

“மிஸ் என்னத்தான் முன்னால கூப்பிட்டு, என்ன வச்சே எல்லாருக்கும் செஞ்சு காட்டினாங்க.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேகத்திலேயே அணித் தலைவன் சஞ்சீவுக்கு ஃபோன் எடுத்து, “கிளாஸ்லயே நான்தான் ஃபர்ஸ்ட், சேர்ட்டிபிகேட் கையில வந்தாச்சுன்னு வச்சுக்க,” என்று சொன்னாரே, அதுதான் வினை. பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் இன்னொரு செய்தியையும் சொன்னார்.

“உன் காலத் தடை பண்ணிட்டாங்க.”

“என் காலையா?”

“இனிமே யாரையும் மிதிக்கக் கூடாதாம்.”

“இருபத்தொரு வருஷமா மிதிச்சிருக்கேன். ஒருத்தனாவது கம்ப்ளைண்ட் பண்ணியிருக்கானா?”

“குப்புறக் கிடக்கிறவன் எப்படிம்மா கம்ப்ளைண்ட் பண்ணுவான்?”

சுகிர்தா ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அது நிஜமாகவே வலித்தது. ஊரில் நாலு பேர் அவளைத் தேடி வந்தது அந்தக் காலுக்காகத்தான். அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருடத்தில் சந்திரகுமார் கற்றிருக்க வேண்டும். அவரோ புத்தகத்தைத் திறந்து, “ஒரு வாரத்துக்கு நீதான் நோயாளி,” என்றார்.

“நோயாளின்னா என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. அசையாம கிடக்கணும்.”

“ஒண்ணுமேவா?”

“விரலக் கூட அசைக்கக் கூடாது.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“நான் சொல்லல, புத்தகத்துல போட்டிருக்கு.”

“அப்ப சரிங்க,” என்றாள் சுகிர்தா. உடனே போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதிகாலை கால் முறிவு. ஒரு பக்கம் குடை, மறுபக்கம் நீள அகப்பை, கடையிலிருந்து கொண்டு வந்த வெட்டுத் துண்டுகளால் ஆறு இடத்தில் கட்டு. கட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. புடவை மடிக்கிற கை அல்லவா!

“சரி, அவுக்குறேன். எந்திரிச்சு டீ போடு.”

“அவுக்கக் கூடாதுங்க.” படுத்தபடியே சுகிர்தா புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். “‘மருத்துவ உதவி வந்து சேரும் வரை கட்டை அவிழ்க்கலாகாது.’ பக்கம் முப்பத்தொண்ணு.”

“அது நெஜ முறிவுக்கு.”

“அப்ப இது பொய் முறிவா? பரீட்சையில மிஸ்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?”

சந்திரகுமார் டீ போட்டார். பிறகு ரொட்டி சுட்டார். பிறகு கடைக்கு ஃபோன் எடுத்து இரண்டு நாள் லீவு கேட்டார்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு தர்ஷனா டீச்சர் கறிவேப்பிலை கேட்டு வந்தார். கட்டிலில் சுகிர்தா, கால் குடைக் கம்பியோடு. டீச்சர் “ஐயோ!” என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, கறிவேப்பிலையை மறந்து ஓடினார். மத்தியானத்துக்குள் அம்பிட்டிய முழுக்கச் செய்தி பரவியது. கோச்சின் மனைவிக்குக் கால் முறிவு, கோச்சே கட்டுப் போட்டிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூடக் கொண்டு போகவில்லை, என்ன கல் நெஞ்சு!

சாயங்காலம் சனம் வரத் தொடங்கியது. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்தார்கள், ஆப்பிளோடு வந்தார்கள். கலஹாவிலிருந்து ஒரு சித்தப்பா இரண்டு பஸ் மாறி வந்தார். இது சும்மா பழகுவதற்காகக் கட்டியது என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் போய்விடுவார்கள். ஆனால் வந்தவர்களோடு சஞ்சீவும் பாதி அணியும் நின்றதே! கையில் சான்றிதழ் வந்துவிட்ட மனிதர் எதற்காகப் பழக வேண்டும்? சந்திரகுமார் வாயை மூடிக்கொண்டு எல்லாருக்கும் டீ ஊற்றினார். செவ்வாய்க்கிழமை மட்டும் முப்பத்தாறு டீ.

“எப்படிம்மா விழுந்தே?” என்று சித்தப்பா கேட்டார்.

“விழல சித்தப்பா. எல்லாம் இவர் கைவேலதான்,” என்று சுகிர்தா பெருமூச்சு விட்டாள்.

சித்தப்பா அதற்குப் பிறகு சந்திரகுமாரின் முகத்தைப் பார்க்கவில்லை. டீயை மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

புதன்கிழமை லீவு முடிந்தது. காலையில் கட்டிவிட்டுக் கடைக்கு ஓடினார், மாலையில் வந்து சமைத்தார். அன்றைக்குக் கால் குணமாகி வலது கை முறிந்தது. கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கவிட்டார், ஆகவே பாத்திரமும் அவரே கழுவினார். வியாழக்கிழமை கையோடு சேர்த்துத் தலையிலும் அடி. விளக்கு வெளிச்சமும் கூச்சலும் ஆகாது, ஆகவே துணியைச் சத்தமில்லாமல் துவைத்தார். நோயாளிக்கோ வேறு வேலை இல்லை. படுத்துக்கொண்டே புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை மூன்று முறை படித்துவிட்டாள். புத்தகத்துக்குள் மடித்துச் செருகியிருந்த சங்கத்துக் கடிதத்தையும் படித்தாள். ஏழு விதிகளையும்.

“என்னங்க, மூக்குல ரத்தம் வந்தா?” என்று கட்டிலிலிருந்து குரல் வரும்.

“தலையப் பின்னால சாய்ச்சு...” என்று அடுப்படியிலிருந்து பதில் போகும்.

“முன்னால! முன்னால குனிய வச்சு, மூக்கோட மெத்துன்னு இருக்கிற எடத்தப் பத்து நிமிஷம் அழுத்திப் புடிக்கணும். ரசம் பொங்குது பாருங்க.”

“சூடு பட்டா?” என்று கட்டிலிலிருந்து அடுத்த கேள்வி வரும்.

“பற்பசை.”

“இருபது நிமிஷம் ஓடுற தண்ணி! சுளுக்குன்னா?”

“தைலம் போட்டு ஒரு சொடு...”

“சொடுக்கினீங்கன்னா ஃபெயில். ஐஸ் வச்சு, கட்டி, தூக்கி வைக்கணும். எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க. கை முறிஞ்சிருக்கு, பிசைஞ்சே குடுங்க.”

வெள்ளிக்கிழமை மாலை சந்திரகுமார் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று தன் நிலைமையை யோசித்தார். பருப்பு வைக்கப் பழகிவிட்டார். முதலுதவி ஒன்றுமே பழகவில்லை. நாளைக்கு அந்தச் சர்பத் போத்தல் காத்திருக்கிறது. விழுந்தால் செய்தி அஸ்ஃபர் வாயிலாகக் கண்டி முழுக்கப் போகும். சான்றிதழ் இல்லை என்றால் அணி இறங்க முடியாது, பன்னிரண்டு பொடியன்களும் வேறு கோச்சைத் தேடிப் போவார்கள். ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்க் கடிதத்தை எடுத்து முதல் விதியை மறுபடி படித்தார். ‘சான்றிதழ் பெற்ற ஒருவர்.’

ஒருவர்! அது கோச்தான் என்று எங்கே போட்டிருக்கிறது? சந்திரகுமாரின் மூளை பளிச்சென்று எரிந்தது. அப்படி எரிகிற நாட்களில் எல்லாம் அவருக்கு நஷ்டம்தான் வந்திருக்கிறது. அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

“சுகிர்தா, நீ எவ்வளவு கெட்டிக்காரி!”

“என்ன வேணும்?”

“பாவம், வீட்டுக்குள்ளயே கிடக்குற. உனக்கும் ஒரு சான்ஸ் குடுக்கலாம்னு பாக்குறேன். நாளைக்கு அந்தப் பரீட்சைய நீ எழுதேன்.”

“எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் கை முறிஞ்சு கிடக்கே.”

“அவுத்துரலாம்.”

“மருத்துவ உதவி வரலையே?”

அவர் கெஞ்சினார். அவள் யோசித்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார். அவள் இன்னும் கொஞ்சம் யோசித்தாள்.

“பேருக்கு மட்டும்தான் நீ. வேலையெல்லாம் நான் பாத்துக்குவேன். நீ ஓரமா ஒரு கதிரையில சும்மா உக்காந்திருந்தா போதும்.”

“ஞாயித்துக்கிழமையில சும்மா உக்காந்திருந்தா போதுமா?”

“போதும்.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“நான் யோசிக்காம எதுவும் செய்றதில்ல.”

கைரியா மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தார். பரீட்சைக்கு முன்னால் காலையில் ஒரு மீள்வகுப்பு இருக்கிறது, அதில் இருந்தால் யாரும் எழுதலாம் என்றார் மிஸ். “உங்கட வீட்டம்மாவா? அந்தக் கால்காரம்மாவா? கூட்டிட்டு வாங்க, எனக்கும் பாக்க ஆசையா ஈக்குது!”

சனிக்கிழமை சுகிர்தா பச்சைச் சேலை கட்டி, படி இறங்கி, பஸ்ஸுக்கு நடந்து போனதைத் தர்ஷனா டீச்சர் பார்த்தார். திங்கட்கிழமை முறிந்த கால் சனிக்கிழமை நடக்கிறது! சந்திரகுமாரின் கைராசி அன்றே ஊரில் பரவி, இரண்டு பேர் தங்கள் எக்ஸ்ரே படங்களோடு வாசலில் வந்து நின்றார்கள். சுகிர்தா பதினாறு பேரில் முதலாவதாகத் தேறி, கழுத்தில் அடையாள அட்டையோடு திரும்பி வந்தாள். கைரியா மிஸ் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாராம்.

“கோச் ரெண்டு வேலை பாக்கக் கூடாதாம், அதான் உங்க சுகிர்தாக்காவப் போட்டிருக்கேன்,” என்று சந்திரகுமார் அணியிடம் சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியது. மகாவலிக் காற்று சுகமாக வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே கதிரையில் சுகிர்தா, மடியில் முதலுதவிப் பை. யாரோ ஒரு பொடியன் அவளுக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தான். சந்திரகுமார் கோட்டோரம் முன்னும் பின்னும் நடந்து கத்தினார். “தூக்கு! அடி! அங்க இல்லடா, இங்க! இங்க இல்லடா, அங்க!” முதல் செட் போனது. இரண்டாவதில் அஸ்ஃபரின் ஆள் அடித்த ஓர் அடி நேராக சஞ்சீவின் மூக்கில் வந்து விழுந்தது. சொட்டுச் சொட்டாக ரத்தம்.

“நான் தண்ணி கொண்டு வாறேன்!”

“தண்ணி இங்க ரெண்டு போத்தல் இருக்குங்க,” என்று சுகிர்தா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஓடாதீங்க. வந்து பஞ்சப் புடிங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சந்திரகுமார் நின்று பார்த்தார். என்ன ஆச்சு என்று ஓடி வந்த அஸ்ஃபரின் காலடியில் வெட்டிய வாழை மாதிரிச் சரிந்தார்.

சுகிர்தா பதறவில்லை. சஞ்சீவைக் குனிய வைத்து, மூக்கைப் பிடிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தாள். அதே கையோடு கணவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்து, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் புரட்டினாள். கால் நிமிடம் கூட ஆகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கை தட்டியது. கை தட்டல் கேட்டுத்தான் சந்திரகுமார் கண் விழித்தார். தனக்குத்தான் என்று நினைத்துத் துள்ளி எழுந்து கோட்டுக்கு ஓடப் பார்த்தார்.

“எங்க போறீங்க?” என்றாள் சுகிர்தா. “ஐந்தாவது விதி. மயங்கி விழுந்தவர், தலையில அடிபட்டவர், ஆட்டக்காரரோ கோச்சோ, முதலுதவியாளர் கையெழுத்து இல்லாம கயித்துக்குள்ள நிக்கக் கூடாது.”

“நான் விழல. உக்காந்தேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

“யோசிச்சேன்.”

“வாயத் தெறந்துக்கிட்டா?”

நடுவர் வந்தார். தன் சட்டைப் பையிலிருந்து சங்கத்துக் கடிதத்தை எடுத்து விரித்து ஐந்தாவது விதியைப் படித்தார். தலையாட்டினார்.

“தலையில அடி பட்டுச்சா?” என்று சுகிர்தா கேட்டாள்.

“இல்லவே இல்ல!”

“பட்டிச்சு,” என்றார் கயிற்றடிக்கு வந்து நின்ற அஸ்ஃபர். “நான் கண்டேன். என்ட கால் சப்பாத்துலதான் பட்டிச்சு.”

“சப்பாத்து பட்டா அதெல்லாம் ஒரு அடியா?”

“மொத்தமான சப்பாத்து அண்ணே.”

சந்திரகுமாரைக் கயிற்றுக்கு வெளியே கொண்டு போய் ஒரு மர நிழலில் உட்கார வைத்தார்கள். கத்தக் கூடாது, தலைக்கு ஆகாது என்று சுகிர்தா உத்தரவு போட்டாள். மைதானத்தில் அமைதி விழுந்தது. இளங்கதிர் வீரர்கள் ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு முதல் தடவையாகக் கேட்டது. “எனக்கு!” என்று கூப்பிட்டவனுக்குப் பந்து போனது. இரண்டாவது செட்டும் மூன்றாவது செட்டும் இளங்கதிருக்கே.

சந்திரகுமார் மரத்தடியில் குதித்தார். சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கணமே, நான் இல்லாமலா ஜெயித்தார்கள் என்று குதிப்பதை நிறுத்தினார். அங்கே பன்னிரண்டு பேரும் சுகிர்தாவுக்கு முன்னால் எழுந்து நின்று “தேங்க்யூ மிஸ்” என்றார்கள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பஸ்ஸில் வரும்போது சுகிர்தா ஜன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “இருபத்தொரு வருஷத்துல இன்னைக்குத்தாங்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கிடைச்சிருக்கு. விட மாட்டேன்.”

அவர் இதையும் பகிடி என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். தலையில் அடிபட்டவர் மைதானத்துக்குத் திரும்ப ஆறு படிகள் உண்டு. முதல் படி முழு ஓய்வு, இரண்டாவது இலேசான வேலை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறாவதில்தான் மைதானம். ஒவ்வொரு படிக்கும் முதலுதவியாளரின் கையெழுத்து.

“ஒவ்வொரு படியும் குறைஞ்சது இருபத்துநாலு மணித்தியாலம்னு போட்டிருக்கே! ஒரு வாரத்துல முடிஞ்சிரும்.”

“குறைஞ்சதுன்னுதானே போட்டிருக்கு. கூடினது எவ்வளவுன்னு போடலயே. நீங்க எனக்குப் புருஷன், உங்க விஷயத்துல நான் அவசரப்படுவேனா? ஒரு படிக்கு ஒரு ஞாயிறு.”

அவர் டவுன் டிஸ்பென்சரி டொக்டரிடம் போய், தலைக்கு ஒன்றுமில்லை என்று அவர் சிரித்துச் சிரித்து எழுதிய துண்டுச்சீட்டை வாங்கி வந்தார். சுகிர்தா அதைப் பத்திரமாக வாங்கி அலுமாரியில் வைத்தாள். டொக்டர் நல்லவர்தான், ஆனால் விதியில் டொக்டர் என்று போடவில்லை என்றாள்.

முதல் ஞாயிறு சந்திரகுமார் சுவரைப் பார்த்துக் கதிரையில் உட்கார்ந்தார். ஃபோன் கூடாது, டிவி கூடாது. ஸ்கோர் கூடத் தெரியவில்லை. இரண்டாம் ஞாயிறு வீடு கூட்டினார். மூன்றாம் ஞாயிறு துணி. நான்காம் ஞாயிறு சந்தைக்குப் போய் மூட்டை தூக்கி வந்து, தேங்காய் துருவினார். படிவத்தின் பின்பக்கம் அறிகுறிகளின் பட்டியல் இருந்தது: தலைவலி, தலைச்சுற்று, மறதி, எரிச்சல். ஏதாவது ஒன்று தென்பட்டாலும் மறுபடி முதல் படிதான். ஆகவே அவர் எரிச்சல்படவில்லை. கூட்டும்போது புன்னகைத்தார். துவைக்கும்போது புன்னகைத்தார். கடையில் ஒருத்தி நாற்பத்திரண்டு சேலை விரிக்க வைத்து ஒரு கைக்குட்டை வாங்கிப் போனபோதும் புன்னகைத்தார். முதலாளி பயந்துபோய் ஒரு நாள் லீவு கொடுத்தார்.

ஐந்தாம் ஞாயிறு முழுச் சமையல். மாலை ஐந்து மணிக்குச் சுகிர்தா மைதானத்திலிருந்து வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது, கழுத்தில் விசில் தொங்கியது, வாயில் ஒரு பாட்டு. முன்னறையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்படிக்கு வந்து, மூடிகளைத் திறந்து பார்த்து, “வாசம் நல்லாருக்கே,” என்று படிவத்தை எடுத்தாள். ஐந்து கட்டங்களும் நிரம்பிவிட்டன. பேனா ஆறாவது கட்டத்தின் மேல் வந்து நின்றது.

“பொடியனுங்க உங்கள ரொம்பக் கேட்டாங்க.”

“கேட்டாங்களா?” சந்திரகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடுத்த ஞாயிறு சேர் வாறாருன்னு சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். உங்களுக்குன்னு ஒரு வேலை கூட வச்சிருக்காங்க.”

“வேலையா? கோச் வேலைதானே?”

“அதுக்குத்தான் இப்ப நான் இருக்கேனே. ஸ்கோர் போர்ட் திருப்ப ஒரு ஆள் இல்லாம கஷ்டப்படுறாங்க.”

“ஸ்கோர் போர்டா!” அகப்பை பறந்து போய்ச் சுவரில் அடித்தது. “இருபத்திரண்டு வருஷ கோச் நானு! நான் போய் ஸ்கோர் போர்ட் திருப்புறதா? யாரக் கேட்டு... எவன்டா அவன்...”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சுகிர்தா பேனாவை ஆறாவது கட்டத்திலிருந்து எடுத்து, படிவத்தைப் பின்பக்கம் திருப்பி, ‘எரிச்சல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிதானமாக ஒரு சரி போட்டாள்.

“பாவம், கடைசிப் படி வரைக்கும் வந்துட்டீங்க,” என்றாள். “போய் உக்காருங்க. வரும்போதே கதிரையச் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சிட்டுத்தான் வந்தேன்.”